ஒரே ஒரு பலூன்

"அப்பாவுக்கு பலூன் வாங்கத்தான் போர்ட் பிளேர் போறீங்களாம்மா?"

மாயாபந்தரில் பஸ் ஏறும்போது மகள் சங்கவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள் உமா மகேஸ்வரி.

அது பொய்யில்லை. க்ரோன் நோயால் கணவன் பிரவீன்குமாரின் குடல் ஓரிடத்தில் சுருங்கிப் போயிருந்தது. உள்ளே குழாய் விட்டு, அதன் நுனியிலுள்ள பலூனை ஊதி, அடைப்பை விரிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்ததோ ஒரே ஒரு பலூன். அடுத்தது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். இருப்பதும் முன்னால் பதிந்த நாகலிங்கத்துக்கு என்றார்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்து முதியவர். அவருக்கும் அதே நோய்.

"பலூன் ஒண்ணு, வயிறு ரெண்டு," என்று சிரித்தார் அவர். "பயப்படாத புள்ள. போன தடவ எனக்குச் செஞ்சாங்க, வலியே தெரியல. எனக்காச்சும் கஞ்சி எறங்குது. ஒம் புருசனுக்கு?"

"தண்ணிகூட தங்கலய்யா. எல்லாம் வாந்திதான்."

உள்ளே பிரவீன் முனகுவது கேட்டது. உமா எழுந்து கேன்டீனுக்குப் போனாள். வெறும் வயிறாக இருந்தால்தான் சிகிச்சை என்று காலையில் நர்ஸ் சொன்னது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. திரும்பி வந்து, ஆடை மிதக்கும் பால் டீயை நீட்டினாள்.

"குடிங்கய்யா. தொண்டை காஞ்சிருக்கும்."

நாகலிங்கம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வாங்கி, ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

நர்ஸ் வந்தாள். "அங்கிள், குச் காயா? ஏதாச்சும் சாப்டீங்களா?"

"பால் டீ குடிச்சேம்மா."

"அரே பாபா!" நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "இனி எப்படி மயக்க ஊசி போடறது? இத அடுத்த பேஷன்ட்டுக்குப் போட்டுடுவாங்க. இன்னொரு பலூன் வந்தப்புறம்தான் உங்களுக்கு!"

டீ தந்தது யார் என்று அவர் வாய் திறக்கவில்லை.

மாலையில் பிரவீன் கஞ்சி குடித்தான். வாந்தி இல்லை. முருகனுக்கு நன்றி சொல்லக் குவித்த உமாவின் கைகள் நெஞ்சுக்கு மேல் எழவில்லை.

கப்பலேற ஜெட்டிக்குக் கிளம்பிய நாகலிங்கத்தை ஆளில்லாத மாடிப்படியில் மறித்து, காலில் விழுந்தாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தேன் ஐயா. நான் பாவி."

அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"நானும் தெரிஞ்சேதான் குடிச்சேன் புள்ள. போன தடவ எனக்காக ஒருத்தர் குடிச்சாரு."