பொட்டு வைத்த சைக்கிள்

சாக்கை உதறி மடிக்கப் போனபோதுதான் தாண்டவராயன் அந்த நட்டைப் பார்த்தார்.

நேற்று முழுக்க அந்தச் சாக்கின் மேல்தான் மனைவி காந்திமதியின் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, திரும்பப் பூட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பித்தான் ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சர்வீஸ் முடிந்த வண்டியைப் பொட்டு வைக்காமல் வெளியே விடமாட்டார். வேன் ஓட்டின காலத்துப் பழக்கம்.

இப்போது ஒரு நட்டு மிச்சம். முன் சக்கரத்து நட்டா, பிரேக் நட்டா, அவருக்குத் தெரியவில்லை. காந்திமதியோ அந்த சைக்கிளோடு கிளம்பிப் போய் அரை மணிக்கு மேலாகிறது.

போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சைக்கிளில் போகும்போது போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டதே அவர்தான்.

கூட்டேரிப்பட்டு வரைக்கும் சைக்கிள், அங்கே அதைப் போட்டுவிட்டு பஸ் ஏறினால் திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலை. கடைசிக் கொஞ்ச தூரம் பைபாஸ் ஓரமாகப் போக வேண்டும். அங்கே ஓடுகிற லாரிகள் சைக்கிளை ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை. அதே ரோட்டில் காலமெல்லாம் வேன் ஓட்டியவருக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சர்க்கரை கண்ணில் இறங்கிய பிறகு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீடுதான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து சைக்கிள் வேலை கற்றுக்கொண்டார். தன்னாலும் ஆகிற காரியம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அதனால்தான் காலையில் நடந்தது அவருக்கு அப்படிச் சுட்டது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் போயேன் என்று கேட்டார். அவள் ஏறக்கூட இல்லை. கோலம் அழிந்துவிடும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டுத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனாள். சர்வீஸ் முடிந்த மறுநாளெல்லாம் இதே கதை. வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிடுவாள், வண்டியை நின்று ஒரு பார்வை பார்க்கமாட்டாள். சாயங்காலம் கேட்டால் மட்டும், பஞ்சா போவுதுங்க என்பாள்.

"சம்பாதிக்கிற திமிரு" என்று இன்றைக்கு வாய்விட்டே முனகியிருந்தார். அவள் காதில் விழுந்திருக்கும். அதுவே கடைசியாகப் பேசிய வார்த்தையாகிவிட்டால்?

நட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

ஊர் எல்லையில் உறவுக்காரப் பெண் வேணி மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். காந்திமதியைப் பார்த்தாயா என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"அப்பவே போச்சுங்க மாமா. ஏறல, தள்ளிக்கினே போச்சு. இன்னா, வண்டி பேஜாரா?"

அப்படியானால் வண்டி இங்கேயே தகராறு பண்ணியிருக்கிறது, கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு அப்புறம் பைபாஸில் ஏறி மிதித்திருப்பாள். பால்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். கையைக் காட்டி நிறுத்தி, கேட்காமலேயே பின்னால் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் மங்கிய கண்ணால் ரோட்டோரத்தைத் துழாவினார். புதரில் கிடந்த சிமெண்ட் சாக்கு அவருக்குச் சேலையாகத் தெரிந்தது. மயிலம் முருகா, அவள் முழுசாக இருந்தால் போதும், இனிமேல் ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். பால்காரர் என்ன கேட்டார் என்பது அவர் காதிலேயே ஏறவில்லை.

கூட்டேரிப்பட்டு முனையில் சைக்கிள் கடை வாசலில் ஒரு சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. முன் சக்கரத்தைக் காணோம். கிட்டே போய்க் குனிந்தார். ஹேண்டில்பாரில் அவர் வைத்த பொட்டு.

கடைக்குள் பார்த்துக் கத்தினார். "இந்த வண்டியில வந்த அம்மா எங்கப்பா? அடி பலமா?"

கடைக்காரர் அலெக்ஸ் உள்ளேயிருந்து சக்கரத்தோடு வந்தார். அவர் தாண்டவராயனை இதற்கு முன் பார்த்ததில்லை.

"அடியா? அக்கா சோக்கா பஸ் ஏறிப் போயிட்டாங்க. உங்களுக்குத்தான் இன்னாவோ ஆயிருக்கு. உக்காருங்கண்ணா, தண்ணி குடிங்க."

பெஞ்சில் உட்கார்ந்ததும் தாண்டவராயனுக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் வண்டி ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டார்.

"அவங்க வூட்ல யாரோ ஒரு புண்ணியவான் சும்மா சும்மா கழட்டி மாட்றாருண்ணா. இன்னிக்கு முன் பிரேக்குல நட்டே இல்ல. போன தடவ செயின் தலைகீழா இருந்துச்சு. வண்டியில புதுப் பொட்டு இருந்தா எனக்கே தெரிஞ்சிடும், முழுசா பிரிக்கணும்னு. அன்னிக்கு மட்டும் அக்கா ஏறவே மாட்டாங்க. வூட்லேர்ந்து இங்க வரைக்கும் தள்ளிக்கினேதான் வருவாங்க."

தாண்டவராயன் கைக்குள் இருந்த நட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதேன்னு அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா தீந்துச்சே" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"நானும் அதத்தாண்ணா கேட்டேன். அக்கா வேணாம்னுட்டாங்க."

அலெக்ஸ் சைக்கிளை நிமிர்த்தி, பழைய துணியால் கிரீஸ் கறையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஹேண்டில்பார் வந்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு, விரல் நுனியால் பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்தார்.

"இது மட்டும் அழியக் கூடாதுண்ணா. அழிஞ்சா வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சிடுமாம்."