எட்டில் ஒரு பங்கு

சூளையில் சுட்டால் களிமண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். பீங்கான் சிற்பிக்கு அது அத்துப்படியான கணக்கு. தோட்டத்துப் பூசணியை அளந்து, அதே அளவில் மண்ணால் செய்து சுட்டாள். பதினாறு அங்குலச் சுற்றளவு பதினாலாய் வந்தது. எல்லாம் சரிதான்.

மறுநாள் காலை களை எடுக்கப் போனவள், கொடியில் கிடந்த பூசணியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நாடாவைச் சுற்றினாள். "பதினாறு இருந்தது பதினாலாயிடுச்சே!" என்றாள். காம்பு வாடவில்லை, தோலில் ஒரு சுருக்கம் இல்லை. விரலால் சுண்டினாள், ணங்கென்றது.

"போன வாரம் தப்பா அளந்திருப்பே," என்றான் கணவன், சமையலறை ஜன்னல் வழியே. "எதுக்கெடுத்தாலும் பதறாதே."

அந்தக் குரலைக் கேட்டதும்தான் இன்று சூளைக்குள் இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. நாற்று ஒன்றை ஏந்திய கை. அதற்கு மாதிரியாக மூன்று நாள் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் அவன்தான்.

பட்டறைக்கு ஓடினாள். மின்சூளையின் சுவிட்சை அணைத்தாள். வெப்பம் காட்டும் முள் தொள்ளாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. பிளக்கையும் பிடுங்கினாள். முள் நிற்கவில்லை.

சமையலறையிலிருந்து அவன் சிரித்தபடி கூப்பிட்டான்.

"இங்க வந்து பாரேன்! இருபது வருஷமா சோப்பு போட்டாக்கூடக் கழலாத மோதிரம், இப்போ தானா விழுந்துடுச்சு."