பூத்திருக்கும் எலுமிச்சை

முன்பக்க வேலிச் செடிகளுக்கு மருந்தடித்து முடித்துவிட்டு மகள் கொல்லைப் பக்கம் வந்தாள்.

முதுகில் டேங்க். முழங்கை வரை கையுறை. மூக்கையும் வாயையும் இறுக்கிய மாஸ்க், அதற்கு மேல் பெரிய கண்ணாடி. என் மகள் என்று அடையாளம் சொல்ல நெற்றி மட்டும்தான் மிச்சம்.

"சந்திரனுக்கா கிளம்பறே?" என்றான் அவள் தம்பி, சமையலறைக் கதவருகே நின்று.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே போடா. அப்புறம் பேசலாம்."

அவன் போகவில்லை.

ஊரில் பாதித் தோட்டங்களுக்கு மருந்தடிப்பவள் அவள். அன்றும் வந்தவுடன் பக்கத்து மதிலை எட்டிப் பார்த்து, "அத்தை, கொடியில இருக்கற துணியை எடுத்துடுங்க, நாய்த் தட்டையும் உள்ளே வச்சிடுங்க" என்று குரல் கொடுத்த பிறகுதான் மருந்து டப்பாவைத் திறந்தாள். "அப்பா வீட்டுக்குக்கூடவா இவ்வளவு கெடுபிடி?" என்று அந்த அம்மாள் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். காட்டிக்கொள்ளவில்லை.

என் மனைவி தவறிப்போன பிறகு மகள் இங்கே வருவது குறைந்திருந்தது. வரச் சொன்னது நான். எலுமிச்சை இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது, அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது, வந்து அடித்துக் கொடு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மரத்தருகே வந்தவள் ஒரு கிளையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

மரம் முழுக்கப் பூ. பூ முழுக்கத் தேனீ.

மருந்துக் குழலைத் தாழ்த்தினாள்.

"பூ இருக்கு. உதிர்ந்து முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"பூவோட சேர்த்தே அடி அக்கா." தம்பியின் குரலில் இப்போது கேலி இல்லை. "ஒண்ணு விடாம அடி."

"அதுங்க செத்துடும்டா."

"சாகட்டும். யாரு கேக்கப் போறா? நம்ம வீடு, நம்ம மரம்."

"பூக்கும்போது அடிக்காதேன்னு டப்பாவில போட்டிருக்கு. நம்ம வீட்டைத் தவிரன்னு போடலையே."

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்பா, நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

கேட்பாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டியதில்லை. 'அடி' என்ற ஒரு சொல் என் வாயில் தயாராக இருந்தது. மரம் பூக்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்துதான் அவளை அழைத்திருந்தேன்.

மகள் என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்க முடியாது. கையில் இருப்பது மருந்து பட்ட கையுறை.

கை ஒரு முறை மேலே எழுந்தது. பாதியில் நின்றது. இறங்கிவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

டேங்கை நிழலில் இறக்கி மூடியைச் சரிபார்த்தாள். கையுறையோடு கைகளைக் கழுவி, பிறகு அதைக் கழற்றி, சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள். எதையும் முன்பின் ஆக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகே கண்ணாடியை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

அடுத்து தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தாள். வெறும் கையால் ஒவ்வொரு கிளையாகத் திருப்பி, இலைகளின் அடியில் மட்டும் மருந்து கலக்காத தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிட்டாள். தேனீக்கள் அவள் விரல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் விரட்டவில்லை. அவசரப்படவும் இல்லை.

தம்பி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றான். பிறகு படியிறங்கி வந்து, முறுக்கிக்கொண்டிருந்த குழாயைப் பிரித்துவிட்டான்.

நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய வருடம் இந்த மரம் பூத்திருந்தபோது, இதன் அடியில் மூச்சுக்குத் திணறிக் கிடந்த தன் அம்மாவின் கழுத்திலிருந்து, ஒற்றைத் தேனீயின் கொடுக்கை நகத்தால் கீறி எடுத்தவை அவைதான்.