ஒரு நொடி முந்தி

"மணிமொழி, நாளைக்கு நீ கொயர்ல நிக்க வேணாம். கீழ பெஞ்சுல உக்காந்துக்க."

ஆனந்தராஜ் இப்படிச் சொன்னதும் அவளோடு பாடிக்கொண்டிருந்த பத்துப் பேரும் கப்சிப்.

ஈஸ்டருக்கு முந்தின சாயங்காலமா இதைச் சொல்வது? என்ன செய்ய, சொல்ல வேண்டியதாகிவிட்டது. செஞ்சி சர்ச்சில் முப்பது வருஷமாகக் கொயர் நடத்துகிறவர். அவர் கை மேலே போய் இறங்கும்போதுதான் பாட்டு தொடங்கணும். இந்த மணிமொழி மட்டும் இப்பல்லாம் ஒரு நொடி முந்திக்கொள்வாள். அவள் வாயைத் திறந்தால் போதும், மற்றதுகளும் அவள் பின்னாலேயே ஓடும்.

"எத்தினி வாட்டி சொல்லிட்டேன்? அப்படி இன்னாம்மா அவசரம்? பஸ்ஸு புடிக்கவா போற?"

"தப்புதாண்ணே," என்றாள். பஜாரில் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் புடவை விரித்துப் போடுகிறவள். பொறுமைக்குக் கேட்பானேன்.

கீபோர்டு வாசிக்கும் தபால் ஆபீஸ் இனியன்தான் வாயைத் திறந்தான். "அண்ணே, அக்கா இல்லன்னா..."

மணிமொழி ஒரு பார்வை பார்த்தாள். அவன் அடங்கிவிட்டான்.

ஓகோ, கோஷ்டி வேறு சேர்க்கிறாளா? ஆனந்தராஜுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் கவலை அவருக்கு. போன ஈஸ்டருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை விளங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கர்த்தர் கையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு நன்றியாக அவரே மெட்டுப் போட்ட உயிர்த்தெழுதல் பாட்டு இது. இதில் பிசிறு தட்டலாமா?

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் சர்ச் நிரம்பிவிட்டது. வல்லத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்களுக்கே உட்கார இடமில்லை.

இனியன் கீபோர்டில் ஆரம்பித்தான். ஆனந்தராஜ் கையைத் தூக்கி இறக்கினார்.

சில பேர் கையைப் பார்த்துப் பாடினார்கள், சில பேர் கீபோர்டைக் கேட்டுப் பாடினார்கள். பாட்டு அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டையாகச் சிதறியது.

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே கதை. சபையில் முணுமுணுப்பு. ஆயர் தொண்டையைச் செருமினார். ஆனந்தராஜுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

'ஆண்டவரே, மானத்தக் காப்பாத்துப்பா.'

மூன்றாம் தடவை கையைத் தூக்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னால், பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மணிமொழிதான். அடுத்த கணமே பத்துக் குரலும் அதோடு சேர்ந்துகொண்டன.

அவர் கை மட்டும் இன்னும் மேலேயே நின்றது. இறங்கு என்று அவர் சொல்லியாகிவிட்டது. அது கேட்டு, யோசித்து, பிறகுதான் மெதுவாக இறங்கியது.

ஆனந்தராஜ் தன் கையையே பார்த்தார்.

பாட்டோ போய்க்கொண்டே இருந்தது. அம்மாடி, அது என்ன பாட்டு! பத்துத் தொண்டையும் ஒரே தொண்டை. கூரை அதிர்ந்தது. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகூட நிறுத்திவிட்டு வாயைப் பார்த்தது. யாரும் சொல்லாமலே சபை மொத்தமும் எழுந்து நின்றது. மெட்டுப் போட்டவருக்கே அது புதுசாக இருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்து, கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்ததும் இனியனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எத்தினி நாளா இப்படி நடக்குது?"

இனியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க ஆஸ்பத்திரிலருந்து வந்த மொத வாரத்துலருந்துண்ணே. அக்காதான் எங்ககிட்ட சொல்லுச்சு, கண்ணு அண்ணன் கைமேலயே இருக்கட்டும், காத மட்டும் எங்கிட்ட குடுங்கன்னு."