ஆறாவது பெயர்

"ஆறா? பிள்ளைங்க அஞ்சு பேர்தானே டீச்சரம்மா?"

எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார் சபைச் செயலர். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் அவர். ஒரு நிமிடம் பிந்தி வந்த வண்டிக்கும் ஒரு நிமிடம் என்று குறித்துவிடுவார். வகுப்பு முடித்தவர்களை முதன்முதலாகத் திருவிருந்தின் அப்பத்துக்கும் ரசத்துக்கும் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தல் ஆராதனைக்குச் சான்றிதழ் அச்சடிப்பது அவர் பொறுப்பு.

"ஆறுதாண்ணே. ஆறாவது பேரைப் போதகர்கிட்ட சொல்லிட்டேன். பரீட்சை வரைக்கும் வெளிய தெரிய வேண்டாம்னு கேட்டிருக்கேன்."

டீச்சரம்மா என்பது பட்டப்பெயர்தான். வாரத்தில் ஆறு நாள் தையல் கடையில் மிஷின் மிதிப்பவர். ஞாயிறு மாலை மட்டும் ஆலயத்தின் பின்னறையில் ஞானோபதேச வகுப்பு. இருபத்திரண்டு வருடமாக அவர்தான் நடத்துகிறார். பத்துக் கற்பனைகள் என்ற கட்டளைகள் தொடங்கித் திருவிருந்து வரை மனப்பாடம் செய்ய வைப்பதோடு விட மாட்டார். "சரி, அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று குடைவார். சொந்த வார்த்தையில் பதில் வரும்வரை குடைச்சல் ஓயாது. மூன்று வகுப்பு தவறினால் அடுத்த வருடம்தான். யார் சிபாரிசும் செல்லாது. திருவிருந்து ஞாயிறுகளில்கூட அவர் அதே பின்னறையில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தாய்மார்கள் நிம்மதியாகப் போய் வரட்டுமே என்பார்.

செயலரின் மகனையே அவர் ஒரு வருடம் நிறுத்தி வைத்ததுண்டு. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்ற எட்டாம் கற்பனைக்கு அவனால் அர்த்தம் சொல்ல முடியவில்லை. செயலர் மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்த மகன் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே சரக்கு காணாமல்போய், அன்று விடுப்பில் இருந்த ஒருவர் தலையில் எல்லோரும் பழியைக் கட்டினார்கள். இவன் மட்டும் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன், அந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நின்றான். வேலை போய்விடும் என்று மிரட்டியும் அசையவில்லை. எங்கேடா கற்றுக்கொண்டாய் இதை என்று அப்பா கேட்டதற்கு, "டீச்சரம்மா ரெண்டு வருஷம் என்னை வறுத்தெடுத்தாங்களே, மறக்குமா?" என்றான். அன்று முதல் செயலருக்கு அந்த அம்மாள்மேல் தனி மரியாதை.

அந்த மரியாதையில்தான் இப்போது கீறல் விழுந்தது. ஆறாவது பெயர் யாருடையது என்று அவருக்கு ஓர் ஊகம் இருந்தது. டீச்சரம்மாவின் தங்கை மகள் நாலு வாரம் வகுப்புக்கு வந்துவிட்டு, கைப்பந்துப் பயிற்சி என்று நின்றுபோனவள். சொந்தம் என்றதும் சட்டம் வளைகிறதா?

வகுப்புக்கு வராதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது, அது நீங்கள் போட்ட சட்டம்தான் என்று அழுத்திச் சொன்னார்.

டீச்சரம்மா முகம் மாறவில்லை. "ஒரு வகுப்புகூட விடாத ஆளுண்ணே. சந்தேகமா இருந்தா நீங்களே கேள்வி கேளுங்க. தாட்சண்யம் பார்க்காம கேக்கறதுக்கு உங்களை விட்டா ஆள் ஏது? ஒரு பதில் தப்பினாலும் பேரை அடிச்சிடுங்க."

விட்டுவிடுவதில்லை என்று செயலரும் முடிவு கட்டினார்.

அந்த வாரம் முழுக்க ஞானோபதேசப் புத்தகம் அவரோடு பேருந்து நிலையத்துக்குப் போய் வந்தது. எல்லாம் தெரிந்ததுதானே என்று நினைத்துப் புத்தகத்தை மூடிப் பார்த்தார். மூன்றாம் கற்பனைக்கு மேல் நாக்கு நகரவில்லை. திறந்தார், படித்தார், மறுபடி மூடினார். கர்த்தருடைய ஜெபத்தில் கேட்கும் அன்றாட ஆகாரம் என்பதில் நல்ல அயலாரும் சேர்த்தி என்று படித்தபோது, நிலையத்தில் பக்கத்து அறைக்காரரோடு பேச்சு நின்று ஆறு மாதம் ஆகிவிட்டது நினைவுக்கு வந்தது. அந்த யோசனையில் ஒரு வண்டி புறப்பட்ட நேரத்தைக் குறிக்கத் தவறினார். அவர் வேலை வரலாற்றிலேயே அது முதல் தடவை. ஆனாலும் பரீட்சைக்குப் பன்னிரண்டு கேள்விகளைப் பொறுக்கி எடுத்தார். ஒன்றும் லேசானதில்லை.

பரீட்சையன்று பின்னறை நிறைந்திருந்தது. ஐந்து பிள்ளைகளும் ஒவ்வொருவராக எழுந்து பதில் சொன்னார்கள். ஒருத்தி பாதியில் திணறினாள். டீச்சரம்மா எடுத்துக் கொடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவளே கண்டுபிடித்துச் சொல்லி முடிக்கும்வரை கரும்பலகைப் பக்கம் காத்து நின்றார். தங்கையும் தங்கை மகளும் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்ததைச் செயலர் உள்ளே நுழைந்தபோதே கவனித்துவிட்டார்.

போதகர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். "ஆறாவது ஆளை நீங்க கேளுங்க."

செயலர் தாளை விரித்துக்கொண்டு தங்கை மகளைக் கூப்பிட்டார். "வாம்மா, முன்னால வந்து உட்காரு."

அவள் திருதிருவென்று விழித்தாள். "நானா அங்கிள்? எனக்கு அடுத்த வருஷம்தான். பெரியம்மா கண்டிப்பா முடியாதுன்னுட்டாங்க."

செயலர் குழம்பிப்போய்ப் போதகரைப் பார்த்தார்.

டீச்சரம்மா சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். ஐந்து பிள்ளைகளையும் கடந்து வந்து, வரிசையின் கடைசியில் காலியாக இருந்த குட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேளுங்கண்ணே. பதினாலு வயசுல அப்பா தவறினதும் மிஷின்ல உட்கார்ந்தவ, வகுப்பைப் பாதியில விட்டுட்டேன். எனக்கு இன்னும் திடப்படுத்தல் ஆகலை."