ஒன்பது வருஷ வித்தியாசம்

"ஒன்பது வருஷம்," என்றார் டாக்டர் ஹால்வர்சன்.

கார்லீன் என் முழங்கையைக் கிள்ளினாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு யாரையாவது கிள்ள வேண்டும், அறுபத்தொரு வயதிலும்.

யாரென்றே தெரியாத பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளிடம் எங்கள் இருவரின் படத்தையும் காட்டி வயதைக் கேட்டிருக்கிறார்கள். கார்லீனுக்கு ஐம்பத்தைந்து என்றார்களாம். எனக்கு அறுபத்து நான்கு. தலைமுடிக்குத் தனி மதிப்பெண். அவளுக்குப் பத்துக்கு எட்டு, எனக்கு மூன்று. சமையலறைக் கத்தரிக்கோலால் நானே வெட்டிக்கொள்கிற முடிக்கு மூன்றே அதிகம்தான்.

நாங்கள் ஒரே அச்சான இரட்டையர். அவள் பதினோரு நிமிஷம் மூத்தவள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒஹையோவில் நடக்கும் இந்த இரட்டையர் விழாவுக்கு வந்துவிடுவோம். எல்லா ஜோடியும் ஒரே மாதிரி உடுத்தி வர வேண்டும். இந்த வருஷம் எலுமிச்சம்பழம் அச்சடித்த கவுன், அவள் தேர்வு. திடலின் ஓரத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் கூடாரம் போட்டு ஆள் பிடிப்பார்கள். இத்தனை இரட்டையர் அவர்களுக்கு வேறெங்கே கிடைப்பார்கள்? போன வருஷம் எங்களைப் படம் பிடித்து, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். வாழ்கிற விதம் பெண்களின் தோலையும் முடியையும் என்ன பாடு படுத்துகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம்.

அதற்கு எங்களைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

நான் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு என் இடது கன்னம் வலது கன்னத்துக்கு அக்கா மாதிரி இருக்கும். தினம் ஒரு பாக்கெட் சிகரெட். விடுமுறை என்றால் ஏரி, படகு, பீர். நான்கு பிள்ளைகள், அவர்கள் உபயத்தில் நரை.

கார்லீன் முப்பது வயதில் வெயிலை விட்டாள். பிறகு சர்க்கரையை விட்டாள். பீரை விட்டாள். வீட்டுக்குள்ளேயே சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பட்டு உறை போட்ட தலையணையில் மல்லாந்துதான் தூக்கம், ஒருக்களித்தால் கன்னம் மடியுமாம். என் மூத்த மகளின் கல்யாணப் படங்களில் பெரியம்மா என்று மரத்தடியில் ஒரு தொப்பி மட்டும் தெரியும். வெண்டல் என்று ஒரு தங்கமான மனிதர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். ஃப்ளோரிடாவில் மீன்பிடிப் படகு வைத்திருந்தார். "அந்த வெயில்லயா?" என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் என் தாடையைப் பிடித்துத் திருப்பி என் மகள்களுக்குப் பாடம் நடத்துவாள்.

"பாத்துக்கோங்கடி. ரெண்டும் ஒரே மூஞ்சிதான். ஒண்ணு வெச்சுக் காப்பாத்துனது, இன்னொண்ணு கண்டபடி போட்டு அடிச்சது."

நான் சிரித்துவிட்டு வெளியே போய் இன்னொரு சிகரெட் பற்றவைப்பேன்.

இப்போது கார்லீன் மேஜைமேல் குனிந்தாள். "டாக்டர், ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. எங்க ஊர் நூலகத்துல மாட்டணும்." மாதம் ஒருமுறை அங்கே 'முதுமை நம் கையில்' என்று பேசுகிறாள். பதினேழு பேர் வருகிறார்கள், எல்லோரும் தொப்பியோடு.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முதலிலிருந்தே அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டுதான் இருந்தார். எத்தனை வருஷம், எத்தனை வருஷம் என்று நச்சரித்து இவள்தான் பேசவிடவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கருவுல இருந்து பிரிஞ்சவங்க இல்லம்மா. பரிசோதனைல தெளிவாத் தெரியுது. ஒரே நாள்ல பொறந்த சாதாரண அக்கா தங்கச்சி, அவ்வளவுதான். மரபணுவே வேற வேற. யாரு எப்படி வாழ்ந்ததால இந்த வித்தியாசம்னு எங்களால சொல்ல முடியாது. ஆராய்ச்சில உங்கள சேத்துக்க வழியில்ல."

அறுபத்தொரு வருஷத்தில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. பிரசவம் பார்த்த டாக்டர் 'ஒரே அச்சு' என்று சொல்லியிருக்கிறார், அம்மா நம்பிவிட்டாள். குழப்பம் வராமலிருக்க என் கால் கட்டைவிரலில் நகச்சாயம் பூசி வைத்தாளாம்.

கார்லீன் மேஜையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அப்ப நான் வெயில்ல நின்னிருந்தாலும் இப்படியேதான் இருந்திருப்பேனா?"

"தெரியாதும்மா. பக்கத்துல நிறுத்திப் பாக்க இன்னொரு நீங்க இல்லையே."

அப்போதும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. வெண்டலைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. முப்பது வருஷம் என்னைக் குத்திக் காட்டியதற்கெல்லாம் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்கு இதைவிட நல்ல சமயம் வராது.

ஆனால் எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. கூடாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, அத்தனை இரட்டையரும் பார்க்க அழுதேன்.

கார்லீன் என் முதுகைத் தடவினாள். "எனக்காக அழாதடி டார்லா. போனது போகட்டும்."

நான் தலையாட்டினேன். அவளுக்காக அழுவதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேருந்துக் கண்ணாடியில் இந்த முகத்தைப் பார்த்து ஒருநாளும் நான் கவலைப்பட்டதில்லை. என் நிஜ முகம் கார்லீனிடம் இருக்கிறது, நான் கெடுத்துக்கொண்டது அதன் நகலைத்தான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருந்தது இந்த ஒன்றுதானாம்.