காலை இரை

அவள் தலை மறுபடியும் பச்சைத் தண்ணீருக்குள் போனது.

மூக்கில், வாயில், தொண்டையில், எங்கும் பாசி. தொட்டி கட்டி அவள் வளர்த்த சுருள்பாசி. வடிகட்டி, துணியில் பரப்பிக் காயவைத்து, பொடித்து, தவிட்டோடு பிசைந்து மீனுக்குப் போடுவது. இன்றைக்கு அதை அவளுக்கே ஊட்டுகிறான், பாவி.

மயிரைப் பிடித்துத் தூக்கினான்.

“மீனக் கூப்புடுறியா, மாட்டியாடி?”

சித்திரவேல். அவள் புருஷனுடைய தம்பி. அண்ணன் இருந்தவரைக்கும் வாய் நிறைய அண்ணி, அண்ணி என்றவன். போன வருடம் காரியம் முடிந்த மறுநாளே அந்த வார்த்தை அவன் வாயை விட்டுப் போய்விட்டது. குளம் எங்கள் குளம், மீன் எங்கள் மீன் என்ற பேச்சு வந்தது.

அவள் இருமினாள். பச்சையும் சிவப்புமாக வந்தது.

இடுப்பில் ஓர் உதை.

கரையில் குட்டியானை வண்டி, நிறைய ஐஸ் பெட்டிகள். இரண்டு வலைக்காரர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர்ச்சனம் முழுக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடவில் இருந்தது. கத்தினால் யாருக்குக் கேட்கும்?

விடிந்ததும் வந்தார்கள். முதல் இழுப்பிலேயே வலை கிழிந்தது. கிழியாமல் என்ன செய்யும்? திருட்டு வலை போடுகிறவர்களுக்காகத்தான், முன்பொரு கோடையில் குளம் வற்றிக் கிடந்தபோது, அவளும் புருஷனும் கருவேலமுள்ளை வண்டி வண்டியாக வெட்டி உள்ளே போட்டிருந்தார்கள்.

முள் இல்லாத இடம் ஒன்றே ஒன்று. அது எங்கே என்று இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மீன் அங்கே வந்து கூட வேண்டும். அதற்கு, தினமும் இரை போடும்போது தட்டுவதுபோல், அவள் கரண்டியால் தட்டைத் தட்ட வேண்டும். சித்திரவேலும் தட்டிப் பார்த்தான். ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை.

இதே மீன்களுக்குத்தான் ஆடியில் உடம்பெல்லாம் புண். செதில் கொட்டி, சதை சிவந்து, மிதக்க ஆரம்பித்தன. சுண்ணாம்பைக் கொட்டி மொத்தத்தையும் கொன்றுவிடு என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னவன் இவன்தான்.

அவள் கொல்லவில்லை.

பாசித்தூளைத் தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் பிசைந்தாள். உருண்டை உருண்டையாகப் போட்டாள். நாள் தவறாமல் போட்டாள். புண் ஆறியது.

இப்போது ஒவ்வொன்றும் தொடைத் தண்டி. இப்போது அவனுக்கு நாற்றம் அடிக்கவில்லை போலிருக்கிறது.

அவன் இடுப்பிலிருந்து அரிவாளை உருவினான். தொட்டியின் தார்ப்பாயில் மேலிருந்து கீழாக ஒரே கீறு.

பச்சை முழுவதும் சேற்றில் கொட்டி அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

அடி விழும்போதெல்லாம் அழாதவள் அப்போது ஓவென்று அழுதாள்.

அரிவாள் முனை கழுத்துக்கு வந்தது. ஈரமாக இருந்தது.

அழுகையை நிறுத்தினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“கூப்புடுறேன் தம்பி. முள்ளு இல்லாத எடம் காட்டுறேன், வாங்க.”

தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். நேற்றுப் பிசைந்த உருண்டைகள் இருந்த கூடையையும் எடுத்துக்கொண்டாள். ஒரு கால் ஊன்ற முடியவில்லை. அவன் முதுகில் குத்தித் தள்ளினான்.

முள் இல்லாதது தெற்கு மூலை.

அவள் வடக்கே நடந்தாள்.

கரையில் உட்கார்ந்தாள். தட்டினாள்.

தண்ணீர் சும்மா கிடந்தது. மறுபடியும் தட்டினாள். நடுக்குளத்தில் ஒரு சுழிப்பு. அப்புறம் ஒன்று. அப்புறம் குளமே அவள் பக்கம் நகர்ந்து வந்ததுபோல் இருந்தது. கட்லாவும் ரோகுவும் முதுகோடு முதுகு உரச வந்தன. புண் ஆறிய தழும்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

அந்த நிலையிலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

“யப்பா!” என்றான் சித்திரவேல். வலைக்காரர்கள் தயங்கினார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை. அரிவாளை அவள் பக்கத்தில் கரையில் கொத்தினான். வலையின் ஒரு தலைப்பை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, அவனே குதித்தான்.

ஆள் ஆழம். அடியில் முழுக்க முள்.

அவன் அலறியதில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே வந்தபோது வலை அவன்மேல் இருந்தது. உதறினான். வலை முள்ளில் சிக்கியது. வலைக்காரர்கள் கரையிலிருந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க அவனைச் சுற்றி இறுகியது. இருவரும் பதறிக்கொண்டு இறங்கினார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் முள் தைத்து, முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் வரமுடியாமல் நின்றார்கள். குளத்தில் சிவப்பு கலந்தது.

“அக்கா! அந்த அருவாளத் தூக்கிப் போடுக்கா! வலைய அறுத்தாத்தான் ஆளு பொழைக்கும்!”

வலைக்குள்ளிருந்து முகம் ஒருமுறை மேலே வந்தது. வாயில் தண்ணீர். மூக்கில் தண்ணீர்.

“அண்ணி…”

ஒரு வருடம் கழித்து அந்த வார்த்தை.

அவளுக்கு நன்றாகக் கேட்டது. கை அரிவாள் பக்கம் போனது. பிடி இன்னும் ஈரமாக, பச்சையாக இருந்தது.

அவள் காலடியில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பாவம், காலையிலிருந்து பட்டினி.

கையை எடுத்துக்கொண்டாள்.

கூடையை மடியில் இழுத்து வைத்தாள். ஓர் உருண்டையை எடுத்தாள். எப்போதும்போலச் சின்னச் சின்னதாகப் பிட்டு, முதலில் மீன்களுக்குப் போட்டாள்.